குடிலில் குழந்தை இல்லை

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் அம்மாளின் வீட்டுக்கு ஒரு தோல் டாக்டர் வந்தார். ஊரார் முகத்துக்கெல்லாம் மெருகேற்றுகிறவரின் முகம் கருத்துப் போயிருந்தது.

"வீட்டுல திருட்டு மேடம். போலீஸுக்குப் போனா மானம் போயிடும்."

காணாமல் போனது குடிலில் வைக்கும் குழந்தை இயேசு சுரூபம். தங்கமில்லை, வெள்ளியில்லை, சுட்ட மண்ணில் வண்ணம் பூசியது. டாக்டரின் அம்மா கல்யாணமாகி வந்தபோது கூடவே கொண்டுவந்தது.

"அம்மாவைப் பார்த்துக்கிற நர்ஸ்தான் எடுத்திருக்கான்னு என் மனைவி சொல்றா. மத்தியானத்துக்குள்ள தரலேன்னா போலீஸ்ல ஒப்படைச்சிடுவோம்."

"இப்பத்தானே போலீஸ் வேண்டாம்னீங்க?"

"அது எங்களுக்கு மேடம். அவளுக்கு என்ன மானம்?"

அம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். காபியில் மிதக்கும் ஈயைக்கூட அதைவிடக் கனிவாகப் பார்ப்பாள். அதற்குள் அவளுடைய தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அக்காவின் வழக்கு என்றால், தானொரு பேங்க் மேனேஜர் என்ற நினைப்பே அவனுக்கு மறந்துவிடும்.

டாக்டர் வீட்டில் கால் வைக்க இடமில்லை, பூவுக்குத்தான் இடமிருந்தது. கதவில் பூ வளையம், மாடிப்படிக் கைப்பிடியில் வெள்ளை ரோஜாச் சரம், விளக்கிலிருந்து தொங்கும் பூக்கொத்து.

"வெள்ளையும் வெள்ளியும் மட்டும்தான்" என்றாள் டாக்டர் மனைவி. "சாயங்காலம் பத்திரிகையிலருந்து படமெடுக்க வராங்க. நேத்தே எல்லாம் முடிச்சாச்சு. அப்புறம் ஒரு பூவைக்கூட யாரும் தொடல, நான் உட்பட."

கூடத்தின் வலக்கோடியில் ஒரே ஜன்னல். இடது சுவரோரமாகக் குடில். ஆடு மாடெல்லாம் வெள்ளி நிறம். பாவம், கழுதையையும் விட்டுவைக்கவில்லை. நடுவில் தீவனத்தொட்டி காலி. குடிலுக்கு இருபுறமும் வாயகன்ற பீங்கான் ஜாடிகளில் வெள்ளை டூலிப் பூக்கள். வலது ஜாடிப் பூக்கள் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தன. இடது ஜாடிப் பூக்கள் சுவர்ப் பக்கம் சாய்ந்து, ஒரு விரற்கடை உயர்ந்தும் நின்றன. அந்த ஜாடியைச் சுற்றி விரிப்பு ஈரமாயிருந்தது.

சக்கர நாற்காலியில் டாக்டரின் அம்மா, அந்த வீட்டுப் பெரியம்மா, உட்கார்ந்திருந்தாள். பின்னால் நின்ற நர்ஸின் கண்கள் வீங்கியிருந்தன.

"காலையில பெரியம்மாவைத் தள்ளிட்டு வந்தப்பவே தொட்டி காலிங்க. எங்க மேடம் மட்டும்தான் இங்க நின்னாங்க."

"நீலிக்கண்ணீர்!" என்றாள் டாக்டர் மனைவி. "சீக்கிரம் சுரூபத்தை வாங்கிக் குடுங்க மேடம். சாயம் கரைஞ்சுடப் போகுது."

தம்பி அக்காவின் காதில் கிசுகிசுத்தான். "இவ பையில இல்லியாம். அப்ப வெளிய கடத்தியாச்சு. கூட்டாளி இருக்கான்க்கா!"

"மண் பொம்மைக்குக் கூட்டாளியா? உக்காருடா."

அம்மாள் எல்லோரையும் குடிலுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"டூலிப் வெட்டி வெச்ச பிறகும் வெளிச்சம் பார்த்துத்தான் சாயும். இங்க ஒரே ஜன்னல். ரெண்டு ஜாடியும் அங்கதானே பார்க்கணும்? இது மட்டும் சுவரைப் பார்க்குது. யாரோ காலையில பூவைப் பிடுங்கி, அவசரத்துல திருப்பிச் சொருகியிருக்காங்க. காம்புக்கு அடியில ஏதோ கிடக்கு. அதான் பூ உயர்ந்திருக்கு, தண்ணி வழிஞ்சிருக்கு."

"அதையும் அவதான் செஞ்சிருப்பா" என்றாள் டாக்டர் மனைவி.

"வீட்டுக்கு வெளிய போன பொருள் உடையும், தொலையும். சாயம் ஏன்மா கரையணும்? தண்ணியில கிடக்குன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்தக் கவலை வரும். சிவப்புக் கன்னமும் நீலத் துணியுமா அந்தக் குழந்தை உங்க வெள்ளைக்கும் வெள்ளிக்கும் ஒத்துவரல. எடுத்தீங்க. நாற்காலிச் சத்தம் கேட்டது. கைக்கு எட்டினது ஜாடிதான். மாட்டிக்காம இருக்க ஒரு ஏழைப் பொண்ணு தலையில பழியையும் போட்டீங்க."

தம்பி ஜாடிக்குள் கையை விட்டான். குழந்தை வெளியே வந்தது. கன்னத்துச் சிவப்பு பாதி போயிருந்தது.

"படம் எடுத்ததும் திருப்பி வெச்சிருப்பேன் அத்தை..." என்று டாக்டர் மனைவி மாமியாரிடம் இழுத்தாள்.

"திருடங்களைப் பிடிச்சிருக்கேன், கொலைகாரங்களையும் பிடிச்சிருக்கேன்" என்றாள் அம்மாள். "அவங்களுக்காவது ஏதோ பசி இருந்தது. உங்களுக்குப் பகட்டு மட்டும்தான்."

டாக்டர் நர்ஸிடம் திரும்பி, "சரி சரி, மனசுல வெச்சுக்காத. போய் வேலையைப் பாரு" என்றார். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே இந்த வீட்டுல எனக்கு வேலை இல்லீங்க."

பெரியம்மா குழந்தையைக் கேட்டு வாங்கி, முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன் வீட்டுல குடில் வெச்சிருக்கியாம்மா?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"அட்டைப் பெட்டியில செஞ்சதுதான், பெரியம்மா."

"போதும். தொழுவத்துல பிறந்தவருக்கு அதுவே அதிகம். நாற்காலியைத் தள்ளு."

"அம்மா, நல்ல நாளும் அதுவுமா..." என்று டாக்டர் குறுக்கே வந்தார்.

"நல்ல நாள்ங்கிறதாலதான்டா போறேன். வழிய விடு."


டாக்டர் விலகினார். நர்ஸ் நாற்காலியை வாசல் தாண்டித் தள்ளினாள். இன்ஸ்பெக்டர் அம்மாள் முன்னால் போய்த் தெருவில் ஒரு டாக்சியை நிறுத்தினாள்.