தூங்கிப்போன கிராபிக்ஸ் கார்டு

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அன்று அம்மாவின் கம்ப்யூட்டரை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இன்னும் கட்டாத வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டிக் காட்டுவதுதான் அம்மாவின் வேலை. மவுசை இழுத்தால் வீடு சுற்றும். எல்லாப் பக்கமும் பார்க்கலாம். அன்று அது நகரவே மாட்டேன் என்றது. ஆமை மாதிரி வீட்டின் ஒரு ஜன்னல் நகர்ந்தது, நின்றது.

"போச்சு! படத்தை ஓட்டுற கிராபிக்ஸ் கார்டு செத்துப்போச்சு போல. சாயங்காலம் வீடு கட்டுற இன்ஜினியர் வர்றாரு. இதைக் காட்டலைன்னா அடுத்த வேலையை வேற யாருக்காவது கொடுத்துடுவாரு."

அம்மாவின் குரல் உடைந்தது. போதாக்குறைக்கு, கைக்குழந்தையான என் தம்பி பூசணி காலையிலிருந்து வீல் வீல் என்று அழுதுகொண்டிருந்தான்.

"இவனைக் கொஞ்சம் தூக்கிக்கோடி. முகம் கழுவிட்டு வர்றேன்."

தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மூச்சு வாங்குவதற்காகப் பூசணி ஒரு நொடி அழுகையை நிறுத்தினான். வீடே அமைதி.

அப்போதுதான் உறைத்தது. அம்மா வரையும்போது மேசைக்கடியில் இருக்கும் கம்ப்யூட்டர் பெட்டி, விமானம் கிளம்புவது போல உறுமுமே! அந்த விசிறிச் சத்தம் எங்கே?

குனிந்து பெட்டியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. கார்டு சாகவில்லை, வேலையே செய்யவில்லை!

எங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள் லினக்ஸ். திரையின் மூலையில் அழுத்தினால் கிராபிக்ஸ் கார்டு எப்படி ஓட வேண்டும் என்று கேட்கும். சிக்கனமா, நடுத்தரமா, முழு வேகமா? புள்ளி சிக்கனத்தில் இருந்தது. அப்படி வைத்தால் பெரிய கார்டு தூங்கிவிடும். கூட இருக்கும் குட்டிக் கார்டு மட்டும் தனியாக மூச்சுத் திணறும்.

"அம்மா! யாரோ கார்டைத் தூங்க வெச்சுட்டாங்க!"

அம்மா ஈர முகத்தோடு ஓடி வந்தார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அப்பா திருதிருவென்று விழித்தார்.

"சத்தத்துல பூசணி முழிச்சுப்பானேன்னு, நேத்து நான்தான்..."

"நல்லா இருக்கு! கார்டு தூங்குது, புள்ள தூங்கல!"

"நான் மாத்தட்டுமாம்மா?" மவுசைப் பிடித்தேன்.

"படத்தைச் சேமிச்சுட்டேன். அழுத்து, பாத்துக்கலாம்."

'முழு வேகம்' அழுத்தினேன். வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் மாறும் என்றது. வெளியேறினேன்.

திரை கறுத்தது. கறுப்பாகவே நின்றது.

"அப்பா, கெடுத்துட்டேனா?"

அப்பா கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பளிச்! திரை கடவுச்சொல் கேட்டது. அம்மா தட்டி உள்ளே போய் மவுசை இழுத்தார். வீடு பம்பரமாகச் சுற்றியது. பெட்டி 'உர்ர்ர்' என்று உறுமியது.

"ஓடுதுடி என் தங்கமே!"

"ஷ்ஷ்..." என்றார் அப்பா.

என் தோளில் பூசணி வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். பிறந்ததிலிருந்து அந்த உறுமலில்தானே தூங்கிப் பழகியிருக்கிறான்!

மாலையில் வந்த இன்ஜினியர் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடுத்த வேலையையும் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டரை அணைத்தார்.

"வீல்!"

"ஐயையோ!" அப்பா அலறினார். "சீக்கிரம் போடு! அந்த வீட்டை மறுபடி சுத்த விடு!"