வாய்க்காசு

கிண்ணத்துத் தண்ணீரில் வாய் நாற்றம் அடித்தது. பழைய வெண்கலத்தை ஊற வைத்தால் களிம்பு வாசனை வரும், மண் வாசனை வரும். லூயிஸ் அதற்கெல்லாம் பழகியவர். இது வேறு. ராத்திரி முழுக்க மூடிக்கிடந்து விடிந்ததும் கொட்டாவிக்குத் திறக்கிற வாயின் புளித்த, வெதுவெதுப்பான நாற்றம். தண்ணீரை மாற்றிப் பார்த்தார். மத்தியானத்துக்குள் மறுபடியும் அதே நாற்றம்.

தி.நகரில் நாணயம் சேர்ப்பவர்கள் கூடும் மண்டபத்தில், ஜவஹர் என்ற வியாபாரியிடம் வாங்கிய காசுகள் அவை. ரோமானிய வெண்கலம். சட்டைப் பொத்தான் அளவு. எந்த அரசனுடையது என்று தெரியாதபடி மண் இறுகிப் போனவை. அப்படிப்பட்டவை சல்லிசாகத்தான் கிடைக்கும். இவை அதைவிடவும் சல்லிசு. ஏன் என்று கேட்டார்.

"கல்லறைச் சரக்கு சார். வெளிநாட்டுல தோண்டுனது. செத்தவன் வாயில ஒண்ணு வச்சுப் பொதைப்பாங்களாம், ஆத்தைத் தாண்டப் படகுக்காரனுக்குக் கூலின்னு. நம்ம ஆளுங்க தொட மாட்டேன்றாங்க."

"எடுத்தாச்சு. இனிமே அவன் நீந்திப் போகட்டும்" என்று சிரித்தபடி லூயிஸ் வாங்கிக்கொண்டார்.

பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். அதில் கொஞ்சம் லத்தீன் மிச்சம் இருந்தது. அடையாறு வீட்டில், பக்கவாதத்தில் விழுந்த மனைவி சான்ட்ராவின் கட்டிலை ஒட்டிப் போட்ட மேசையில்தான் வேலை. பல் குத்தும் குச்சியால் மண்ணை நெம்ப நெம்ப, லென்சுக்கு அடியில் முதலில் ஒரு மூக்கு எழும்பும். பிறகு தலையில் கட்டிய முத்துப் பட்டி. பிறகு விளிம்பில் ஓர் எழுத்து. அரசனின் பெயர் பிடிபடும் அந்த நொடியின் சந்தோஷம் அவருக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. மூக்கில் சாப்பாட்டுக் குழாயோடு சான்ட்ரா பார்த்துக்கொண்டு கிடப்பாள். கண்ணை மட்டும்தான் அவளால் அசைக்க முடியும். அவள் முனகினால் லூயிஸ் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

காசுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவர் ஆசை வைத்திருந்ததும் போனது. குதிரையிலிருந்து சரிகிறவனை ஒரு வீரன் ஈட்டியால் குத்தும் பக்கம் மட்டும் அதில் தெளிந்திருந்தது. மறுபக்கம் யார் என்று தெரிவதற்குள் கிண்ணம் காலி.

"அந்தக் கருப்பு பில்லைய எடுத்து நான் இன்னா சார் பண்ணப் போறேன்?" என்றாள், சான்ட்ராவைப் பார்த்துக்கொள்ள வரும் சிந்து.

"இந்த வீட்டுல உன்னை விட்டா நடமாடறது யாரு? அவளா?"

சிந்து பையைத் தோளில் மாட்டினாள். செருப்பில் காலை நுழைத்தவள் திரும்பினாள்.

"அம்மா வாயில இன்னாவோ சத்தம் கீது சார். பல்லுல எதுவோ தட்டுறா மாதிரி. டாக்டராண்ட காட்டுங்க."

சான்ட்ராவின் கண்கள் வாசல் வரைக்கும் அவள் பின்னாலேயே போயின. லூயிஸ் கதவைச் சாத்தினார்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் தகரத்தில் விழும் சத்தம், கீழே தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பஸ் போகும் சத்தம், ஆற்றுப் பக்கமிருந்து ஏறி வரும் சாக்கடை வாடை, அதற்கும் மேலாக, காலி கிண்ணத்திலிருந்து இன்னமும் போகாத அந்த வாய் நாற்றம். கரண்ட் போனது. ரேடியோ நின்றது. அப்போதுதான் கேட்டது.

கிணுக்.

மேசையிலிருந்து அல்ல. கட்டிலிலிருந்து.

கிணுக். கிணுக்.

செல்போன் விளக்கைப் போட்டார். சான்ட்ராவின் தாடை மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அசையக் கூடாத தாடை. கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்தார். நாக்கின் மேல் ஒரு காசு. எச்சிலில் ஊறிப் பளபளத்தது.

டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டே காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

இத்தனை சுத்தமான காசை அவர் பார்த்ததே இல்லை. ஈட்டி. குதிரை. கெஞ்சி நீளும் கை. சுற்றிலும் லத்தீன் எழுத்து: நல்ல காலம் திரும்பியது. திருப்பினார். முத்துப் பட்டி, மூக்கு, முழுப் பெயர். கான்ஸ்டான்டியஸ். உடம்பு சிலிர்த்தது. பயத்தில் இல்லை.

சான்ட்ரா முனகினாள்.

"இரு" என்றார், காசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முனகல் நின்றது. விளக்கைத் திருப்பினார்.

அவள் வாய் திறந்தே இருந்தது. தொண்டை இருட்டிலிருந்து ஒரு விரல் மேலே வந்தது. கருத்த விரல். நகத்தில் மண். அது நாக்கின் மேல் தடவியது. காசு இருந்த இடத்தைத் தொட்டது. நின்றது. மறுபடி தடவியது. அதன் பின்னால் இன்னொரு விரல். இன்னொன்று. எல்லாம் ஒரே கையின் விரல்கள் இல்லை.

சான்ட்ராவின் கண்கள் அவர் முகத்தைப் பார்த்தன. அவர் கையைப் பார்த்தன. மறுபடி முகத்தை.

அவள் கேட்பது அவருக்குப் புரிந்தது.

லூயிஸ் உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டார்.

விரல்கள் கீழ்ப் பல் வரிசையைப் பற்றின. சுவரேறுகிறவர்கள் பற்றுவது போல. தாடை இறங்கியது. இன்னும் இறங்கியது. உதட்டோரம் கிழிந்தது. அவள் கண்கள் மூடவில்லை.