முதல் குரல்

முகத்தை மூடிய துணிக்குள் இரண்டு மூச்சு கேட்டது. ஒன்று அத்தாயியுடையது.

மற்றது காதோரத்தில், அவள் விட்டதும் இழுத்தது. காற்று வரத் துணியில் வழி விட்டிருப்பதாக நர்ஸ் சொல்லியிருந்தாள். அதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தலை இரும்புப் பிடிக்குள், கைகால்கள் வாருக்குள். மேட்டூர் அணை கட்டி முடித்த மறுவருடத்துச் சித்திரை வெயில் ஆஸ்பத்திரி ஓடுகளின் வழியே இறங்க, ஸ்பிரிட் வாடையும் தன் மண்டையோட்டைத் துளைத்ததில் எழுந்த கருகல் வாடையும் தொண்டையில் அப்பின. ஊசி போட்டிருந்ததால் வலி இல்லை. வலித்திருந்தாலும் தேவலை. உள்ளே யாரோ புடவை மடிப்பதுபோல் ஓர் அசைவு மட்டும் இருந்தது.

வலிப்பு கண்டு, மூன்று வயது மகள் வசந்தாமணியோடு கிணற்று மேட்டில் விழுந்த பிறகுதான் புருஷன் நாச்சிமுத்து வண்டி கட்டினான். அன்றிலிருந்து பிள்ளையைத் தூக்கவே பயம். மறுபடி அவளை இடுப்பில் வைத்துக்கொள்ளத்தான் அத்தாயி முடியையும் கொடுத்து மண்டையையும் கொடுத்தாள்.

காலையில் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். “மூளைக்கு வலி தெரியாதும்மா. முழிச்சே இருக்கணும். பேரைச் சொன்னதும் பதில் சொல்லு. நீ பேச்சை நிறுத்தினா நான் கத்தியை நிறுத்துவேன்.”

“சரிங்க சாமி.”

இப்போது துணிக்கு அப்பால் குரல் வந்தது. “அத்தாயி.”

முகம் தெரியாமல் கூப்பிட்டால் மூன்றாம் குரலுக்குத்தான் வாய் திறக்க வேண்டும், முதல் குரல் மனுசக் குரலாக இருக்காது என்று அவள் ஊரில் பாலோடு ஊட்டி வளர்ப்பார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். நாக்கு தானே அடங்கிவிட்டது.

“சொல்லுங்க சாமி. நல்லாத்தானுங்க இருக்கறன்.”

அவள் குரல். அவள் உதடு. அசைத்தது அவளல்ல.

இரண்டில் ஒரு மூச்சு நின்றிருந்தது. அவளுடையது.

“அத்தாயி, எந்த ஊரு?”

“திருச்செங்கோட்டுப் பக்கமுங்க.”

நானில்லைங்க சாமி. கத்தினாள். துணிகூட அசையவில்லை.

“அத்தாயி.”

மூன்றாம் குரல். உள்ளிருந்து ஓ என்று பதில் குரல் கொடுத்தாள். ஓ. ஓ. யாருக்கும் கேட்கவில்லை. பேச்சு நிற்கவில்லை. கத்தியும் நிற்கவில்லை. பிறகு எலும்பை எடுத்து வைத்து மூடினார்கள். தைத்தார்கள்.

பத்தாம் நாள் நாச்சிமுத்து மகளைக் கூட்டி வந்தான்.

“புள்ளயக் கொண்டாங்க,” என்று அவள் கைகள் நீண்டன. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுத்துவிட்டு, மருந்து வாங்கப் போனான். கைகள் பிள்ளையை இடுப்பில் வைத்தன. அந்தச் சூடு அத்தாயிக்குத் தெரிந்தது. விரல் ஒன்றைக்கூட அசைக்க முடியவில்லை.

அவள் வாய் பிள்ளையின் காதோரம் போனது.

“இனி ஆரு கூப்பிட்டாலும் மொதக் குரலுக்கே ஓன்னு சொல்லோணும், சாமி.”

வேண்டாம், கண்ணு. வேண்டாம்.

ஆளில்லாத தாழ்வாரத்திலிருந்து யாரோ ஒரே முறை கூப்பிட்டார்கள்.

“வசந்தாமணி.”

குழந்தை சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தது.