ஹால்ஷ்காவின் கைகள்

கட்டைவிரலில் அந்தத் தழும்பு இருந்திருக்கக் கூடாது.

திங்கட்கிழமை அதைத் திரையில் பார்த்தபோது கூட வேலை பார்க்கும் போகுமிலின் சேட்டை என்றுதான் ஹால்ஷ்கா நினைத்தாள். ஏழு பாகங்களாக வந்த ஒரு மாயக்கதையை வாள்சண்டை விளையாட்டாக மாற்றிக்கொண்டிருந்த கிராகோவ் நகர அலுவலகம் அது. விளையாடுபவர்தான் கதாநாயகி. அவள் முகம் தெரியாது. திரையின் அடியிலிருந்து நீளும் இரண்டு கைகள் மட்டும் தெரியும். அவை ஹால்ஷ்காவின் கைகள். வேறு ஆள் தேட நேரமில்லாததால் கடந்த மார்ச்சில் அவளையே நிறுத்தி விரல் விரலாகப் படமெடுத்திருந்தார்கள். தினமும் மதியம் வரும் புதிய பதிப்பை விளையாடிப் பார்த்துப் பிழை பிடிப்பதும் அவள் வேலைதான்.

"ஏன்டா, என் விரல எதுக்குச் சுட்டு வச்சிருக்கே?"

"தாயே, நான் விளையாட்டுக்குள்ள சுவரும் கதவும் கட்டுறவன். உன் கைய நான் தொடவே இல்ல. தொட்டா சும்மா விடுவியா?" என்று சிரித்தான் போகுமில்.

செவ்வாயன்று கெட்டிலின் ஆவி பட்டு அதே கட்டைவிரல், அதே இடத்தில் வெந்தது. புதனன்று திரையில் மோதிரவிரல் நகம் பிளந்திருந்தது. வியாழன் காலை டிராம் கதவில் அவளுடைய நகம் பிளந்தது. வலியை விடக் கோபம்தான் அதிகம் வந்தது. யாரோ தன்னை வைத்து விளையாடுகிறார்கள். அவனைத் தவிர வேறு யார்?

இன்று வெள்ளி. பாதிப் பேர் காய்ச்சலில் படுத்திருந்தார்கள், மீதிப் பேர் மேல்மாடிக் கூட்டத்தில் இருந்தார்கள். மூன்றரை மணிக்கே ஜன்னல் கறுக்கத் தொடங்கிவிட்டது. வெப்பக் குழாய் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது, நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடைக்கு மேலே கசகசா கேக்கின் இனிப்பு மணம் மிதந்தது. போகுமிலுக்குப் பெயர்நாள், அதாவது அவன் பெயர் கொண்ட புனிதரின் திருநாள்; கொண்டாடுகிறவன்தான் எல்லோருக்கும் கேக் வாங்கி வர வேண்டும். அவன் கேக்கையும் நீளமான கத்தியையும் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தான்.

"நீயே வெட்டும்மா. மேல இருக்கறவங்க வந்தா ஒரு துண்டு மிஞ்சாது."

"பதிப்பப் பார்த்துட்டு வெட்டறேன்."

"அப்போ நான் டீ போடறேன். இந்த வாரம் பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே, இன்னைக்காவது சிரி."

அவன் முதுகைக் காட்டி நின்று கெட்டிலில் நீர் நிரப்பினான். இவ்வளவு நல்லவன் போல நடிக்கிறானே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைகளின் படக்கோப்பைக் கணினியில் யார் கடைசியாகத் திறந்தார்கள் என்று பதிவேட்டில் தேடினாள். மார்ச் பதினான்கு. அதற்குப் பிறகு யாருமே திறக்கவில்லை. தடயத்தை அழித்திருப்பான், கெட்டிக்காரன்தானே.

விளையாட்டைத் தொடங்கினாள்.

கல் நடைபாதை. தீப்பந்தம். இரண்டு கைகளும் மெல்ல எழுந்தன.

மணிக்கட்டு வரை சிவப்பு. ஈரம் மின்னியது.

காயம் எங்கே? மவுஸை அசைத்துத் திரையின் கைகளைத் திருப்பினாள். உள்ளங்கை, புறங்கை, ஒவ்வொரு விரலாகத் தேடினாள். பழைய தழும்பு இருந்தது, பிளந்த நகம் இருந்தது. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.

அப்படியானால் அது அவள் ரத்தம் இல்லை.

கெட்டில் முனக ஆரம்பித்தது. போகுமில் ஏதோ பாட்டை முணுமுணுத்தான். அவன் காலருக்கு மேலே வெளுத்த பின்கழுத்து தெரிந்தது. ஐந்தடி தூரம்தான். இந்த வாரம் முழுக்கத் தவறான ஆளைச் சந்தேகித்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

மவுஸை விட்டாள். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் திணித்து, மேலே அழுந்த உட்கார்ந்தாள். எதையும் தொடமாட்டேன். எல்லோரும் கீழே வரும்வரை எழமாட்டேன்.

"போகுமில், வெளிய போ."

குரல் எழவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

திரையில், யாரும் தொடாமலே, வலது கை எதையோ பற்றுவது போல மூடியது.

கேக் முழுசாக இருந்தது. பக்கத்தில் கத்தி இல்லை.

தொடையை லேசாகத் தூக்கி அடியில் பார்த்தாள். இடது கை இருந்தது.

இடது கை மட்டும்தான்.

"சர்க்கரை எத்தன ஸ்பூன் போடட்டும்?" என்றான் போகுமில், திரும்பாமலே.