பொட்டு விழாத புகைப்படம்

கருப்பாத்தாள் ஒரு விழா மலரை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தபோது காலை மணி பத்துகூட ஆகவில்லை. முதலிபாளையம் தொழிற்பேட்டையை ஒட்டி, ஒரு லேபிள் கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்குப் பொதுவாக இவ்வளவு சீக்கிரம் யாரும் வருவதில்லை.

அறையில் ஒரு பாதி அங்கமுத்துவுடையது. முப்பது வருஷம் பனியன் கம்பெனிகளில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பீஸைக் கையில் வாங்கினால் தையல் எங்கே தவறியது, எந்த டெய்லர் எரிச்சலில் தைத்தான் என்பதுவரை சொல்லிவிடுவார். அதனால் ஊரில் பலபேர் தங்கள் வீட்டுச் சிக்கல்களையும் அவரிடம் பிரித்துப் பார்க்கக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மறுபாதி தேவிப்பிரியாவின் ஸ்டூடியோ. வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, ஒரு டிஜிட்டல் கேமரா, ஒரு டப்பா நிறைய மஞ்சள் கிளிப்புகள். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு அனுப்பும் சாம்பிள் சட்டைகளைப் படமெடுப்பது அவள் தொழில். அங்கமுத்துவின் வழக்குகளில் மூக்கை நுழைப்பது பொழுதுபோக்கு. வந்தவர் கதையை முடிப்பதற்குள் அவள் குற்றவாளியைப் பிடித்துவிடுவாள், பெரும்பாலும் தவறான ஆளை.

“உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கறீங்களா?” என்றார் அங்கமுத்து.

“வேண்டாமுங்க.” கருப்பாத்தாள் மலரை விரித்து மேஜையில் வைத்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. விரல் நுனிகள் நூல் அறுத்து அறுத்துக் காய்த்திருந்தன. “இந்தப் படத்தக் கொஞ்சம் பாருங்க.”

லிங்கசாமியின் பனியன் கம்பெனி தொடங்கி இருபத்து நாலு வருஷம் முடிந்து, 2007 ஆவணியில் வெள்ளிவிழா ஆண்டு பிறந்ததற்காகப் போட்ட மலர் அது. முதல் பக்கம் முழுக்க ஒரே புகைப்படம். பழுப்பேறி, புள்ளி புள்ளியாக மங்கிப்போன கறுப்பு வெள்ளைப் படம். கால்மிஷின் முன்னால் ஓர் இளம்பெண் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் தாலி, மிதியில் இருந்த காலில் மெட்டி, துடைத்துவிட்டதுபோல் பளிச்சென்ற நெற்றி. அடியில் எழுதியிருந்தது: ‘எங்கள் முதல் பனியன், 1983. தைப்பவர்: திருமதி தெய்வாத்தாள் லிங்கசாமி.’

“அன்னிக்கு லிங்கசாமி மொதலாளி இல்லீங்க. ஒத்த மிசினு வாங்கிப்போட்டு, ஓட்ட ஆளில்லாம எங்க ஊட்டுக்கு வந்தாரு. பூச போட்டு மொத பனியனத் தெச்சது நானுங்க. அந்தம்மா தங்கமானவங்க. போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சு. அவிங்க மேல நான் குத்தம் சொல்லலீங்க. ஆனா அவிங்களுக்கு மிசினு மிதிக்கவே தெரியாதுங்க. இதுல கறுப்புச் சேல கட்டிட்டு உக்காந்திருக்கறது ஆருன்னே எனக்குப் புரியலீங்க.”

“இப்ப இதனால உங்களுக்கு என்ன கஷ்டம்?”

அவள் மலரின் ஓரத்தை விரலால் நீவினாள். “என்ற பொண்ணு சித்ரகலா அதே கம்பெனியிலதானுங்க சாம்பிள் டெய்லரு. எங்கம்மா தெச்சதுதான் மொத பீஸுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருந்தா. மலரு வந்ததுல இருந்து சோத்து நேரத்துல சிரிக்கறாங்களாம். மூணு நாளா வேலைக்குப் போகல. முந்தாநேத்து தட்டத் தள்ளி வெச்சுட்டு, ‘ஏம்மா இப்பிடி ஒரு பொய்யச் சொல்லி என்னைய வளத்துன’ன்னு கேட்டுப்போட்டா.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. நான் பொய் சொல்லலைன்னு என்ற புள்ளைக்குத் தெரிஞ்சாப் போதும்.”

அங்கமுத்து சட்டைப் பையிலிருந்து, துணியில் இழை எண்ணுகிற சின்ன லென்ஸை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். நெற்றியில் கொஞ்ச நேரம், சேலையில் கொஞ்ச நேரம் நிறுத்தினார். தோளுக்குப் பின்னால், சேலை மடிப்பு இறுகிய இடத்தில், பறவையின் மூக்குப்போல ஏதோ சின்னதாக நீட்டிக்கொண்டிருந்தது. அங்கேயும் நிறுத்தினார்.

வேறொரு நாளாக இருந்தால் இதற்குள் தேவிப்பிரியா பத்துக் கேள்வி கேட்டிருப்பாள். இன்றைக்கு, ஏற்கெனவே சுருட்டிவைத்த ஒயரை அவிழ்த்து மறுபடியும் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ என்ன நினைக்கற தேவி?”

“பழைய படந்தானுங்க சார். புள்ளியெல்லாம் பாருங்க, அந்தக் காலத்து ஃபிலிம். நீலச் சேலைக்காரம்மா முகம்கூட மங்கிப்போச்சு. இதுல நாம என்ன பண்ண முடியும்?”

அங்கமுத்து லென்ஸை மடித்துப் பையில் போட்டார். “கம்பெனிக்கு ஒரு நடை போய்ட்டு வந்தா என்ன கெட்டுப்போச்சு? கேமரா இருக்கட்டும், நீ மட்டும் வா.”

லிங்கசாமியின் அலுவலக அறையில் அதே படம் பெரிதாகச் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, மாலையோடு தெய்வாத்தாளின் கலர்ப் படம்: நடு நெற்றியில் காசு அகலத்துக்குக் குங்குமம். பக்கத்தில், அதே சாயலில் மகள் யாழினியின் கல்யாணப் படம். மகன் தனபால் நாற்காலியை இழுத்துப் போட்டு மரியாதையாகவே பேசினான்.

“அம்மாவோட பழைய பொட்டியில கெடச்சதுங்க சார். ஒரே காப்பிதான்.”

“யார் எடுத்தது?”

“அப்ப ஊர்ல இருந்த ஸ்டூடியோக்காரருங்க. அவரு இப்ப இல்லீங்க.”

“நெகட்டிவ் இருக்குங்களா?”

“கரையான் அரிச்சுப்போச்சுங்க.”

கேட்ட எதுவும் மிச்சமில்லை. அவ்வளவு ஒழுங்காக அரிக்கிற கரையான் அமைவது பெரிய பாக்கியம்தான். அங்கமுத்து சிரிக்கவில்லை. அறையின் மூலையில், படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த லிங்கசாமியிடம் திரும்பினார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. அம்மா எப்பவாச்சும் பொட்டு வைக்காம இருந்திருக்காங்களா?”

“ஏனுங்க அப்பிடிக் கேக்கறீங்க? மூஞ்சி கழுவுனா மொதக் காரியம் அதுதானுங்க. பொட்டில்லாம வாசப்படி தாண்ட மாட்டா.”

அப்போதுதான் தேவிப்பிரியா நிமிர்ந்து அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தின் நெற்றியைப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“நாளைக்குப் பதினொரு மணிக்கு எல்லாரும் சாம்பிள் ரூமுக்கு வர முடியுமுங்களா? உங்க பொண்ணு யாழினியும் வேணும். கருப்பாத்தாளும் அவங்க மகளும் வருவாங்க,” என்றார் அங்கமுத்து. தனபால் வாயைத் திறப்பதற்குள் லிங்கசாமி, “வர்றமுங்க,” என்றார்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் நின்று இருவரும் டீ குடித்தார்கள். “ஏதாச்சும் சொல்லணுமா கண்ணு?” என்று கேட்டார் அங்கமுத்து. “இல்லீங்க சார்,” என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. டீ பாதி டம்ளரிலேயே ஆறிப்போனது.

மறுநாள் சாம்பிள் ரூமில் அந்தப் பழைய கால்மிஷினை நடுவில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். லிங்கசாமியும் பிள்ளைகள் இருவரும் ஒரு பக்கம். யாழினி கல்யாணமாகிப் போனவள். தாயை உரித்து வைத்த முகம். எதிர்ப்பக்கம் கருப்பாத்தாள். சித்ரகலா உள்ளே வராமல் கதவோடு நின்றாள். தேவிப்பிரியா கேமராப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தாள். இன்றைக்குக் கேமராவை எடுத்துவரச் சொன்னவர் அங்கமுத்துதான்.

அவர் மலரை விரித்தார். “இந்தப் படத்துல ரெண்டு இடம் எனக்கு உறுத்துச்சுங்க. மொதல்ல சேலை. புது மிசினுக்குப் பூசை போட்ட நாள். நம்ம பக்கத்துல நல்ல காரியத்துக்கு ஆராச்சும் கறுப்புச் சேலை கட்டிட்டு உக்காருவாங்களா?”

கருப்பாத்தாள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“அப்புறம் நெத்தி. தாலி இருக்குது, மெட்டி இருக்குது, பொட்டைக் காணோம். கறுப்பு வெள்ளைப் படத்துல குங்குமம் கறுப்பாத்தான் விழும். உங்க ஊட்டுப் பழைய கல்யாணப் படத்தை எடுத்துப் பாருங்க, தெரியும். அப்ப இங்க பொட்டு வைக்காம இல்லீங்க. வெச்ச பொட்டு மறைஞ்சிருக்குது. வேற நெறத்துச் சேலை கறுப்பாயிருக்குது. ரெண்டையும் ஒரே சங்கதி பண்ணியிருந்தா அது என்ன?”

“என்னங்க?” என்றது கதவோரத்துக் குரல். சித்ரகலா ஓரடி உள்ளே வந்திருந்தாள்.

“சிவப்புக் கண்ணாடி கண்ணு. கேமரா முன்னால அதைப் போட்டா சிவப்பு வெளுத்துப்போகும், நீலம் கறுத்துப்போகும். ஆனா அன்னிக்கு ஊர் ஸ்டூடியோக்காரர் வீட்டுக்குள்ள அதைப் போட்டு எடுத்திருக்க மாட்டார், வெளிச்சம் பத்தாது. இப்ப வர்ற டிஜிட்டல் கேமராவுக்குக் கண்ணாடியே வேண்டாம். மெனுவுல மோனோக்ரோம்னு வெச்சு, அதுக்குள்ள சிவப்பு ஃபில்டரைத் தட்டினா முகம் மாசு மருவில்லாம வரும். செபியா கொஞ்சம் வெச்சா பழுப்பேறும். ஐஎஸ்ஓவைக் கூட்டுனா ஃபிலிம் மாதிரி புள்ளி விழும், கான்ட்ராஸ்டைக் கொறைச்சா மங்கும். கம்ப்யூட்டரே தொட வேண்டியதில்லை. பட்டனை அமுக்கினா இருபத்து நாலு வருசம் பழசு.”

தனபால் தொண்டையைக் கனைத்தான். “அப்பிடியே இருந்தாலும் ஆரு எடுத்தாங்கன்னு எப்பிடிங்க சார் சொல்வீங்க?”

“தோளுக்குப் பின்னால பாருங்க, கிளிப்போட மூக்கு. துணி தொளதொளன்னு தொங்காம இருக்கறதுக்குப் பின்னால கிளிப்புப் போட்டு இழுக்கறது சாம்பிள் போட்டோக்காரங்க பழக்கம். இந்தச் சேலையில ஒரு சுருக்கம் கிடையாது. ஆனா நெத்தியில பொட்டு மறைஞ்சது எடுத்தவர் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஏன்? சாம்பிள் படத்துல கழுத்தோட வெட்டிருவாங்க. துணியைப் பாக்கற கண்ணு அது. மூஞ்சியைப் பாத்துப் பழக்கமில்லை.”

“திருப்பூர்ல அந்த வேலை பண்றவங்க நூறு பேர் இருப்பாங்களே?”

“இருப்பாங்க. அதுல ஒருத்தர் இந்தச் சேலையை நீலம்னு சொன்னார். படத்தை மட்டும் பாத்தவங்களுக்கு இது கறுப்பு. நேர்ல பாத்தவருக்குத்தான் நீலம்.” அங்கமுத்து மலரை மூடினார். “பேரை நான் சொல்லப் போறதில்லைங்க.”

தேவிப்பிரியாவுக்குக் காது மடல் சுட்டது. எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. எழுந்தாள், ஆனால் ஓடவில்லை.

“நாந்தானுங்க எடுத்தேன்,” என்றாள். “மலருக்கு அலங்காரமா ஒரு பழைய காலத்துப் படம் வேணும்னு சொன்னாங்க. யாழினி அக்கா அவங்கம்மா சேலையைக் கட்டிட்டு உக்காந்தாங்க. நல்லா வந்துச்சுன்னு எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சுங்க. அச்சுல வந்தப்பத்தான் கீழ எழுதியிருந்ததைப் பாத்தேன். அன்னிக்கே கேட்டிருக்கணும். எனக்கு வர்ற வேலையில பாதி இந்தக் கம்பெனி வேலை. வாய மூடிட்டேன்.” கருப்பாத்தாள் பக்கம் திரும்பினாள். “நேத்து இந்தம்மா எம்முன்னால உக்காந்து அழுதாங்க. அப்பவும் மூடிட்டேனுங்க. பழைய படந்தான்னு பொய் வேற சொன்னேன்.”

யாழினி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தனபால், “அம்மா பேரு கம்பெனியில எங்கயுமே இல்லைன்னுதான்...” என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினான்.

லிங்கசாமி மெதுவாக எழுந்தார். “இருந்துச்சுடா. நீ என்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கருப்பாத்தா அந்த மொத பீஸத் தெச்சு முடிக்கற வரைக்கும் அவ கைக்கொழந்தை அழுகாம மடியில வெச்சிருந்தது உங்கம்மாதான். அதுதான் அவ செஞ்சது. அந்தக் கொழந்தைதான் இங்க நிக்குது.” சித்ரகலாவைக் கை காட்டினார். “அதை எழுதியிருந்தாலே அவளுக்குப் போதுமே. மலரைப் பாத்த அன்னிக்கே தப்புன்னு எனக்குத் தெரியுமுங்க. பையன் ஆசைப்பட்டுச் செஞ்சுட்டான், போகட்டும்னு இருந்துட்டேன். கருப்பாத்தா, ரோட்டுல உன்னையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிட்டுப் போனேன். எனக்குத்தான் மானங்கெட்டுப்போச்சு.”

சித்ரகலா தாயின் பக்கத்தில் வந்து நின்றாள். மன்னிப்பு என்று அவளுக்கு வாயில் வரவில்லை. தாயின் முந்தானை நுனியை மட்டும் பிடித்துக்கொண்டாள். “உடு சாமி,” என்றாள் கருப்பாத்தாள். “ஊட்டுக்குப் போய்ச் சோறு திங்கலாம்.”

மலர்களைத் திரும்ப வாங்கி அந்தப் பக்கத்தை மாற்றி அச்சடிப்பதாக லிங்கசாமி சொன்னார். அதே மிஷினில் கருப்பாத்தாளை உட்கார வைத்து ஒரு படம் எடுக்கவேண்டும் என்றார். எல்லோரும் தேவிப்பிரியாவைப் பார்த்தார்கள்.

“வேற ஆளைக் கூப்புடுங்க. எனக்கு அந்த யோக்கியதை இல்லை,” என்றாள் அவள்.

“இந்தப் புள்ளையே எடுக்கட்டுமுங்க,” என்றாள் கருப்பாத்தாள். போய் மிஷின் முன்னால் உட்கார்ந்து, காலை மிதியில் வைத்தாள். கால் அதுவாக இடம் கண்டுபிடித்தது.

தேவிப்பிரியா கேமராவை எடுத்தாள். மோனோக்ரோம், சிவப்பு, செபியா, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். மெனுவில் பழைய காலம் என்று எதுவும் மிஞ்சாதவரை அணைத்தாள். கண்ணை வைத்துப் பார்த்தபோது, பழக்கதோஷத்தில் சட்டம் கழுத்தோடு நின்றிருந்தது. கேமராவை மேலே தூக்கினாள். அந்த முகம் நேராக அவளையே பார்த்தது. விரல் பட்டனில் இருந்தும் அமுக்க முடியவில்லை. கேமராவைத் தாழ்த்திவிட்டாள்.

கருப்பாத்தாள் நெற்றியில் இருந்த சின்னக் குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கோபமில்லாமல், தெரியாததைக் கேட்கிற குரலில் கேட்டாள்:

“இதுல பொட்டு உளுகுமா கண்ணு?”