விரல் நுனிக்கு அப்பால்

தேநீர்க் குவளையை எடுக்க லஸ்த்ரி கை நீட்டினாள். விரல் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே 'டிங்' என்று கேட்டது.

நீட்டிய கை அப்படியே நின்றது. விரலுக்கும் குவளைக்கும் நடுவே வெறும் காற்று. கரண்டி தட்டில் கிடந்தது, மின்விசிறி ஓடவில்லை, சந்தில் வண்டி எதுவும் போகவில்லை. குவளைக்குள் தேநீரின் மேல்பரப்பு மட்டும், யாரோ லேசாகச் சுண்டிவிட்டதைப் போல, வட்டம் வட்டமாக நடுங்கி அடங்கியது.

அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். வருடக்கணக்காக அந்தச் சத்தத்தோடு வாழ்ந்த காது. ஒட்டு நகங்கள் போன செய்தி காதுக்கு இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது.

இந்தோனேசியத் துறைமுக நகரமான செமாராங்கின் பெரிய கடையொன்றில் வாசனைத் திரவியப் பிரிவில் நிற்பவள் அவள். முகம், உதடு, நகம் மூன்றும் அங்கே சீருடை மாதிரி. அக்ரிலிக் நகம் இல்லாத தன் கையை அவளே பார்த்து வெகுகாலமாகிவிட்டது. ஒன்று வளர்ந்து தூக்கினால் இடைவெளியை நிரப்பி, அதன்மேல் அடுத்ததைக் கட்டி, கைப்பேசியிலும் கல்லாப்பெட்டியிலும் கணவன் ஹெருவின் தலைமுடியிலும் 'டக் டக்' என்று தட்டிக்கொண்டே காலம் போனது. வயிற்றில் பிள்ளை ஏழு மாதமானபோது மருத்துவச்சி கையைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கழட்டிட்டு வா. பிரசவத்துல நக நிறத்தப் பாத்துத்தான் உன் உசுரு எப்படியிருக்குன்னு நாங்க சொல்லணும்," என்று சொல்லிவிட்டாள்.

கழற்றியது நக ஒப்பனைக் கடை யுலி. போட்டுவிட்டதும் அவள்தான். அசிட்டோனில் ஊறிய பஞ்சை வைத்து வெள்ளித்தாள் சுற்றி, நேரம் ஆனதும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"பயந்துராதீங்கக்கா."

நனைந்த வெங்காயத் தோல் மாதிரி இருந்தன லஸ்த்ரியின் சொந்த நகங்கள். வெள்ளைத் திட்டுகள், குறுக்கே வரிகள், கட்டைவிரலில் பாசி படிந்ததுபோல் ஒரு பச்சை. பஞ்சு பட்டாலே கூசியது.

"இது எப்ப ஆறும்?"

"நகம் ஆறுற சாமான் இல்லக்கா. கெட்டது கெட்டதுதான். அடியிலேர்ந்து புதுசு வளந்து வந்து இத வெளிய தள்ளணும். தினம் எண்ணெய் தடவுங்க. பாத்திரம் கழுவினா கையுறை போடுங்க. ஒரே பக்கமா ராவுங்க, ரம்பம் மாதிரி இழுக்காதீங்க. நகக்கண்ணுல சதையக் கிள்ளக் கூடாது." யுலி சிரித்தாள். "வயித்துல புள்ள இருக்கறப்ப நகம் குதிரை மாதிரி ஓடும். உங்களுக்கு அதிர்ஷ்டம்."

அவர்கள் வீடு துறைமுகத்தை ஒட்டிய சந்தில் இருந்தது. அங்கே நிலம் அமிழ்கிறது, கடல் ஏறுகிறது. ஹெரு குடிவந்த பிறகே இரண்டு முறை மண் கொட்டித் தரையை உயர்த்தியிருந்தான். தரை உயர உயர வாசல்நிலை குட்டையாகி, பாரந்தூக்கி இயந்திரத்தில் உட்கார்ந்து கப்பல் சரக்கை இறக்கும் அந்த நெடிய மனிதன் சொந்த வீட்டுக்குள் குனிந்துதான் நுழைந்தான். அப்படியும் பிற்பகல்களில் ஓடுகளின் இடுக்கு வழியே உப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் ஊறி வந்து, நாற்காலிக் கால்களைச் சுற்றி நின்று, மாலையில் தானே இறங்கிப்போகும். போகும்போது அழுகல் வாசனை ஒன்றை விட்டுச்செல்லும். லஸ்த்ரிக்கு அது பழகிப்போயிருந்தது.

ஒரு காலை ஹெரு குளித்துவிட்டு முதுகைக் காட்டினான்.

"ஏம்மா, நகத்தை எடுத்தும் பூனைக்குணம் போகலியா?"

தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை ஐந்து கோடுகள். மெல்லியவை, நேரானவை, ஓரத்தில் ரத்தம் உறைந்தவை.

"நானா? இதைப் பாருங்க." அவள் கையை நீட்டினாள். "சட்டைப் பொத்தான் போட்டாலே மடங்குது. இதாலயா கீறினேன்?"

"பின்ன யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?"

சிரித்தபடியே அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்தான். சதையோடு ஒட்ட வெட்டிய, உரமில்லாத நகங்கள். சிரிப்பு நின்றது. அன்றிலிருந்து புழுக்கமாக இருக்கிறதென்று கூடத்தில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு எண்ணெய் தடவுவது லஸ்த்ரியின் வழக்கம். தேங்காயெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, நகத்தின் அடிப்பிறையில் ஒரு சொட்டு வைத்து, வட்டமாகத் தேய்த்து ஊறவிட்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்த பழைய செய்தித்தாளில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கையை எடுத்தபோது தாளில் பத்து விரல்களின் எண்ணெய்க்கறை இருந்தது. ஒவ்வொரு விரலின் நுனிக்கு முன்னாலும், கொஞ்சம் தள்ளி, கூராக இன்னொரு கறை.

எண்ணெய் ஓடியிருக்கும் என்று நினைத்தாள். மறுநாள் தாளை மாற்றினாள். கையை அசைக்காமல் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். அன்று கறை ஓர் அரிசி நீளம் கூடியிருந்தது. அதற்கடுத்த நாட்களில் இன்னும் கூடியது. பிறகு ஒரு பிற்பகல், கறை முடியும் இடங்களிலெல்லாம் தாள் கிழிந்திருந்தது. சிறிய, சுத்தமான பத்துக் கீறல்கள்.

ஹெருவிடம் என்னவென்று சொல்வது? சொன்னால் அந்த முதுகை நான்தான் கீறினேன் என்று ஒப்புக்கொள்வதாக ஆகும். அவள் தாளை மடித்து அடுப்பில் போட்டாள்.

எண்ணெயை நிறுத்திவிட்டாள். கையுறையைத் தூக்கி எறிந்தாள். வீட்டுக்குள் வந்து நிற்கும் கடல்தண்ணீரிலேயே கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நகங்கள் ஊறி, பிளந்து, ஏடு ஏடாக உரிந்தன. எரிச்சலில் கண்ணீர் வந்தது. ஆனால் கதவைத் திறக்கும்போது 'டக்' என்று கேட்பது குறைந்தது. தலைவாரும்போது சீப்புக்கு முன்னால் எதுவோ கூந்தலைக் கோதுவது நின்றது. நகம் எவ்வளவு நொந்ததோ அவ்வளவு நிம்மதி.

அந்த நிம்மதியைக் கெடுத்தது ஹெருவின் அக்கா நார்த்தி. சோயா வில்லையான தெம்பேயைப் பொரித்து எடுத்துக்கொண்டு வந்தவள் கையைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"என்னடி இது, கருவாடு மாதிரி ஊறிக் கெடக்கு! புள்ளயத் தொடப்போற கையாடி இது? சீழ் வெச்சா?"

"விடுங்கண்ணி. இப்படியே இருக்கட்டும்."

"இருக்கட்டுமாம்ல!" நார்த்தி அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணெய்க் கிண்ணத்துக்குள் அழுத்தினாள். அதன்பிறகு தினமும் வந்து, மருந்து கொடுப்பதுபோல், தானே தேய்த்துவிட்டாள். கிளம்பும்போது லஸ்த்ரியின் மேலாடையில் ஊக்கு மாட்டி ஒரு நகவெட்டியையும் தொங்கவிட்டாள். "இத அவுக்காதே. புள்ளத்தாச்சியா செத்துப்போனவ நீள நகத்தோட சுத்துவா. இரும்பு இருந்தா கிட்ட வரமாட்டா. சிரிக்காதடி!"

லஸ்த்ரி சிரிக்கவில்லை.

நகம் வளர்ந்தது. அடிப்பிறையிலிருந்து இளஞ்சிவப்பாக, ஒரு வரிகூட இல்லாமல், கண்ணாடி மாதிரி மேலேறி வந்தது. பச்சை ஒதுங்கியது, வெள்ளை ஒதுங்கியது. கேள்விப்பட்டு யுலியே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அய்யோ, ரோஜா இதழ்க்கா! நான் இப்படிப் பார்த்ததே இல்ல. என்னதான் தடவினீங்க?"

எதிரே முட்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கையை எடுத்துத் தன் பக்கமாக இழுத்துப் பார்த்தாள். லஸ்த்ரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யுலியின் மஞ்சள் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, துணி குழிந்தது. ஒரு குழி. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக ஐந்து.

விரல்கள் அங்கிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தன.

யுலியும் குனிந்து பார்த்தாள்.

"அக்கா." குரல் காற்றாக வந்தது. "கைய... மெதுவா பின்னால இழுத்துக்குங்க."

இழுத்தாள். குழிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. யுலி எழுந்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள், முதுகைக் காட்டாமலே வாசல்வரை பின்னால் நடந்து போனாள். அதன்பிறகு லஸ்த்ரி கூப்பிட்டபோதும் அவள் கைப்பேசியை எடுக்கவே இல்லை.

அன்று பிற்பகல் தண்ணீர் சீக்கிரமே ஏறியது. கணுக்கால் அளவுக்கு வந்து அசையாமல் நின்றது. ஹெரு வேலையில் இருந்தான். வீட்டுக்குள் வெளிச்சம் தண்ணீரிலிருந்து மேலே அடித்து, தாழ்ந்துபோன கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த லஸ்த்ரி மடியில் கையை வைக்கப் பயந்து, இரண்டையும் முன்னால் நீட்டியபடி இருந்தாள். தோள் வலித்தது. மடக்கினால் வயிறு. வயிற்றுக்குள் பிள்ளை.

எதிர்ச்சுவர் நாலடி தள்ளி இருந்தது.

சுவரில் சுரண்டும் சத்தம். சுண்ணாம்பு உதிர்ந்தது.

அவள் விரலை மடக்கினாள். சத்தம் நின்றது. நீட்டினாள். சுரண்டியது.

நெஞ்சில் தொங்கிய நகவெட்டியைப் பிடுங்கினாள். வலது கையில் பிடித்து, இடது சுட்டுவிரலின் நுனிக்குக் கொண்டுபோனாள். அங்கே கண்ணுக்குத் தெரிந்து வெட்ட ஒன்றுமில்லை. அதைத் தாண்டி, காற்றில், ஒரு மயிரிழை தூரத்தில் வைத்து அழுத்தினாள்.

இறங்கவில்லை.

எதையோ கவ்வியிருந்தது. கொம்பு மாதிரி கெட்டியான ஒன்று.

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

டக்.

கீழே, தண்ணீரில், எதுவோ விழுந்தது. எதுவும் தெரியவில்லை. வட்டம் மட்டும் விரிந்தது.

அடுத்த விரல். டக். வட்டம். அடுத்தது. டக். கட்டைவிரலுக்கு முழுப் பலத்தையும் போட்டாள். கை மாற்றிப் பிடித்தாள். டக். வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவில்லை. துடைக்கப் பயம். கடைசிச் சுண்டுவிரல். டக்.

வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டு அழிந்தன. வீடு அமைதியானது. சுவரை நோக்கிக் கையை நீட்டினாள். ஒன்றுமில்லை. கன்னத்தைத் தொட்டாள். விரல்தான். சதைதான். தேம்பித் தேம்பி அழுதாள்.

அப்போது வயிற்றுக்குள் பிள்ளை ஒரு புரள் புரண்டது. இடுப்பில் வலி பிடித்தது.

விடிந்து வெயில் ஏறியபோது மருத்துவச்சியின் வீட்டுப் பிரசவ அறையில் பெண்குழந்தை பிறந்தது. ஹெரு, குனியத் தேவையில்லாத அந்த வாசலிலும் பழக்கதோஷத்தில் குனிந்து நுழைந்தான். லஸ்த்ரி அவன் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். தாடை, கன்னம், நெற்றி. அவன் நெளியவில்லை. கோடு எதுவும் விழவில்லை.

"என்னம்மா இப்படித் தடவுறே? ஆளத் தெரியலியா?"

"தெரியுதுங்க. தெரியுது." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "ஒண்ணுமில்லாமப் போச்சுங்க. எல்லாம் போச்சு."

என்ன போயிற்றென்று அவனுக்குப் புரியவில்லை. கஞ்சி வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான்.

மருத்துவச்சி குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள். அவள் மணிக்கட்டில் புதிதாகக் கட்டுப் போட்டிருந்தது. சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது.

"என்னாச்சும்மா?"

"கையுறை கிழிஞ்சிருச்சு." அவள் லஸ்த்ரியின் கண்ணைப் பார்க்கவில்லை. குழந்தையை மார்பருகே கிடத்தியதும் வேகமாகக் கையை இழுத்துக்கொண்டாள். கதவு மூடிய சத்தம் கேட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தமும் கேட்டது.

குழந்தை வெதுவெதுப்பாக இருந்தது. மூடிய கண்கள், ஈரமான தலைமுடி, பால் தேடும் வாய். லஸ்த்ரி துணியை விலக்கிச் சின்னக் கையை வெளியே எடுத்தாள். அரிசி நொய் அளவுக்கு நகங்கள். பூ மாதிரி மெத்தென்று, வெளிர்ச்சிவப்பாக, ஒரு குறையும் இல்லாமல்.

அவள் தலையணையில் சாய்ந்து, முகத்தைத் திருப்பி மகளைப் பார்த்தாள்.

குழந்தை கையைத் தூக்கியது. விரல்களை விரித்தது. அம்மாவின் முகத்தை நோக்கி நீட்டியது. எட்டவில்லை. இன்னும் ஒரு சாண் தூரம் இருந்தது.

லஸ்த்ரியின் இடது கண்ணின் கீழிமையில் சில்லென்று எதுவோ வந்து உட்கார்ந்தது.

கூரான ஒன்று.

அவள் அசையவில்லை. மூச்சு விடவில்லை.

இமை மெதுவாகக் கீழே இழுபட்டது.