செவ்வாயில் ஒரு மொறுமொறுப்பு

பர்னபாஸுக்கு அன்று காலையில் இரண்டாவது முறையாக நாக்கு மரத்துப்போனது. இன்னொரு தேநீர் வாங்கி, சர்க்கரையைத் தாராளமாகப் போட்டு ஒரு மிடறு குடித்ததுதான் தாமதம், கழுத்தெலும்புக்குக் கீழே பதித்திருந்த நலக்காவலன் விழித்துக்கொண்டது. அரிசி மணி அளவுக் கருவி. வாய்க்குள் போவது உடம்புக்கு ஆகாது என்று அதற்குப் பட்டால் சுவை நரம்புகளை அணைத்துவிடும். “போதும் பர்னபாஸ், உங்கள் நன்மைக்குத்தான்” என்று காதுக்குள் கனிவாகச் சொல்லவும் செய்யும். பர்னபாஸ் மிச்சத் தேநீரை வெந்நீர் போல விழுங்கிவிட்டு, துளைப்பான் வண்டியை ஓட்டக் கிளம்பினான். யாரும் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செவ்வாயின் செந்தரைக் குடியிருப்பில் பல் முளைக்கும் முன்பே எல்லோருக்கும் நலக்காவலனைப் பதித்துவிடுகிறார்கள்.

பூங்கோதைக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. சுரங்க வாசலில் இருந்த உணவுக்கூடம் அவள் பொறுப்பு. அவித்த சோயா, அவித்த காளான், அவித்த கோழி. பொரித்த பண்டத்தை உதட்டருகே கொண்டுபோனாலே நலக்காவலன் நாக்கை அணைத்துவிடும் என்பதால் அவள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றியதே இல்லை. சுரங்கத்துக்காரர்கள் வந்தார்கள், குனிந்த தலை நிமிராமல் விழுங்கினார்கள், போனார்கள். பாதிப் பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். கூடத்தை எடுத்துவிட்டு அங்கே தண்ணீர்த் தொட்டி கட்டப் போவதாகவும், இனி உணவுக்கூழைக் குழாய் வழியாக வீட்டுக்கே அனுப்பப் போவதாகவும் குடியிருப்பு நிர்வாகம் அறிவித்துவிட்டது.

அந்தக் கவலையில் இருந்தபோதுதான் அது நடந்தது. இறைச்சி வளர்ப்புத் தொட்டியிலிருந்து வந்த கோழி இறக்கைகளைக் கழுவி, சமையலறையில் இடம் இல்லாததால் பக்கத்திலிருந்த காற்றுப்பூட்டு அறையில் தட்டோடு வைத்திருந்தாள். வெளியே போகிறவர்கள் உடையணிந்து நிற்கும் சிறிய அறை அது. யாரோ கவனிக்காமல் வெளிக்கதவைத் திறந்துவிட்டார்கள். செவ்வாயின் மெல்லிய காற்று இறக்கைகளில் இருந்த ஈரம் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது. திட்டிக்கொண்டே தட்டை எடுத்தவள், கட்டைவிரலால் ஒரு இறக்கையைத் தடவிப் பார்த்தாள். தோல் காகிதம் போல இருந்தது.

இவ்வளவு உலர்ந்த தோல் ஓவன் சூட்டில் என்ன ஆகும்?

உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் பேக்கிங் பவுடர். பிசிறிக் கம்பித்தட்டில் பரப்பி, ஓவனை உச்ச சூட்டுக்குத் திருகினாள். ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றவில்லை. தோலுக்கு அடியிலிருந்த கொழுப்பு தானாகவே உருகி, தோலைக் குமிழ் குமிழாகப் பொரிக்கத் தொடங்கியது. கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே தோழி சுலைகாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். சுலைகா பழத்தோட்டக் குவிமாடத்தில் வேலை பார்ப்பவள்.

“சுலைகா, அழுகப் போற மாம்பழம் ஏதாச்சும் இருக்கா? காந்தாரி மிளகாயும் ஒரு கை எடுத்துட்டு வா. ஓடி வாடி!”

“எதுக்குடி இந்தப் பதற்றம்? தீப்பிடிச்சிருச்சா?”

“இனிமேதான் பிடிக்கப் போகுது!”

மாம்பழச் சதையும் இடித்த காந்தாரியும் இரண்டு கரண்டி புளிப்புக் காடியும் சேர்ந்து கொதித்தன. இனிப்பும் காரமும் கலந்த நெடி மூக்கில் ஏற, இருவரும் தும்மினார்கள், சிரித்தார்கள். பாகு கரண்டியில் பளபளவென்று ஒட்டும் பதம் வந்ததும், ஓவனிலிருந்து வந்த இறக்கைகளை அதில் போட்டு ஒரே புரட்டாகப் புரட்டி எடுத்தாள் பூங்கோதை.

கையில் எடுத்துவிட்டாள். வாய்க்குக் கொண்டுபோகத்தான் பயம். நாக்கு எந்த நொடியும் அணையலாம். கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள்.

மொறுக்.

அப்படி ஒரு சத்தம் தன் வாய்க்குள்ளிருந்து வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. முதலில் மாம்பழம் வந்தது, பிறகு தோலின் உப்பு, அதற்குப் பின்னால் காந்தாரி உச்சந்தலை வரை ஏறியது. நாக்கு மரத்துப்போகவில்லை. காதுக்குள் ஒரு குரலும் கேட்கவில்லை.

“தூங்கிட்டு இருக்குடி!” என்றாள், கண்ணில் நீர் வழிய. “எண்ணெய் இல்லேல்ல, அதுக்குத் தெரியல! ஏமாந்துருச்சு!”

சுலைகாவின் வாய் நிறைய இறக்கை.

மறுநாள் கூடத்தின் மூலையில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டினாள் பூங்கோதை. பர்னபாஸை மட்டும் உள்ளே கூப்பிட்டு, “சத்தம் வராம மெல்லு” என்றாள். சத்தம் வராமல் மெல்ல முடிகிற பண்டமா அது? அவன் கை விரல்களை நக்கிக்கொண்டே வெளியே வந்தபோது, வண்டி ஓட்டும் மற்ற ஐந்தாறு பேர் வாசலில் நின்றிருந்தார்கள். வாரம் முடிவதற்குள் வரிசை சுரங்கத்தின் வளைவைத் தாண்டிவிட்டது. “அந்த அவிச்ச சோயா ஒரு தட்டு” என்று கண்ணைச் சிமிட்டிச் சொன்னால் இறக்கை வரும். பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து உறவினரைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். வருடக்கணக்காகப் பேசிக்கொள்ளாதவர்கள் திரைக்குப் பின்னால் தோளோடு தோள் உட்கார்ந்து, பாகு ஒட்டிய வாயோடு சிரித்தார்கள். தண்ணீர்த் தொட்டிப் பேச்சு எங்கேயோ போய்விட்டது. பூங்கோதைக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரு மதியம் திரை விலகியது. நின்றவர் ஊட்டச்சத்து அலுவலர் நன்மாறன். இறக்கையைக் கையில் வைத்திருந்தவர்கள் அப்படியே உறைந்துபோனார்கள். பர்னபாஸ் எலும்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

நன்மாறன் ஒரு இறக்கையை எடுத்தார். சோதனைக் கருவியால் தொட்டுப் பார்த்தார். பிறகு கடித்தார். நிதானமாக எலும்புவரை சாப்பிட்டு முடித்தார்.

“நலக்காவலன் ஏமாறலம்மா,” என்றார். “அதுக்கு எல்லாம் தெரியும். நல்ல புரதம், சேர்த்த எண்ணெய் கிடையாது, பழச்சத்து இருக்கு. தடுக்க ஒரு காரணமும் இல்லன்னுதான் பேசாம இருந்திருக்கு. இருபது வருஷமா ஜனங்களை ஒழுங்காச் சாப்பிட வைக்க நான் பட்ட பாடு... நீங்க சாதிச்சுட்டீங்க!”

பூங்கோதைக்குப் பாராட்டு விழா நடந்தது. கூடத்துக்கு நல உணவு மையம் என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். திரையை அவிழ்த்து எறிந்தார்கள். பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டிலும் மருத்துவமனைத் தட்டிலும் இறக்கை வைக்கச் சொல்லி உத்தரவு போனது. நலக்காவலனுக்கும் புதிதாக ஒரு வாசகம் கற்றுக்கொடுத்தார்கள். இறக்கையைக் கடித்ததும் அது காதுக்குள், “அருமையான தேர்வு! இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றது.

விழாவுக்கு மறுவாரம் பூங்கோதை கூடத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வளைவு வரை பார்த்தாள். வரிசை இல்லை. பர்னபாஸ் மட்டும் வந்தான். இறக்கையில் பாதியைக் கடித்துவிட்டுத் தட்டிலேயே வைத்தான்.

“என்ன பர்னபாஸு?”

“தெரியலக்கா. அந்தப் பழைய ருசி இல்ல.”

“அதே மாம்பழம், அதே ஓவன், அதே கைதான்டா!”

“பையன் ஸ்கூல்ல தினமும் இதான் குடுக்கறாங்களாம். வேணாம்னு அழுகுறான்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அக்கா... வேற ஏதாச்சும் இருக்கா? திங்கக் கூடாதது?”

அன்று முழுவதும் பூங்கோதை சூடு ஆறிய தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மறுபடியும் அளவெடுக்க ஆள் வந்தபோதுதான் எழுந்தாள். நேராக நன்மாறனின் அறைக்குப் போனாள்.

“சார், என் இறக்கையைத் தடை பண்ணுங்க.”

“என்னம்மா பேசறீங்க? அதைவிட ஆரோக்கியமான பண்டம் செவ்வாயிலேயே இல்ல!”

“அதான் சார் அதைப் புடிச்ச வியாதி. நீங்க நல்லதுன்னு சொன்னீங்க, ஒருத்தரும் வரல. கெட்டதுன்னு சொல்லிப் பாருங்க. ஒரு வாரம் போதும்.”

இருபது வருடங்களாக நன்மாறன் எழுதிய அறிவுரைகள், நடத்திய கூட்டங்கள், சுவரெங்கும் ஒட்டிய படங்கள் எல்லாம் அவர் கண்முன் வந்துபோயிருக்க வேண்டும். நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். அவர் முகம் விளக்குப் போட்டது போலப் பளிச்சிட்டது.

“இறக்கையை மட்டும் எதுக்கும்மா தடை பண்ணணும்?” என்றார், மூச்சு வாங்க. “முருங்கைக்கீரையையும் சேர்த்துக்கலாமா?”

மறுநாள் காலை அறிவிப்பு வந்தது. கோழி இறக்கை, முருங்கைக்கீரை, கேழ்வரகுக் கூழ் மூன்றும் செந்தரையில் கண்டிப்பாகத் தடை செய்யப்படுகின்றன. நலக்காவலனுக்குக் கற்றுக்கொடுத்த பாராட்டு வாசகத்தை மட்டும் நன்மாறன் சத்தமில்லாமல் அழித்துவிட்டார்; நாக்கை அணைக்கச் சொல்லவில்லை.

மதியத்துக்குள் பூங்கோதையின் கூடத்தில் திரை ஏறிவிட்டது, வரிசை வளைவைத் தாண்டிவிட்டது. அவள் ஓவனுக்கும் பாகுச் சட்டிக்கும் நடுவே வியர்க்க வியர்க்க ஓடிக்கொண்டிருந்தாள். சுரங்கத்தின் இருட்டுத் திருப்பத்தில் யாரோ ஒருவன் கோட்டுக்குள் கையை விட்டு, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, போகிற வருகிறவர்களிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான்.

“கூழ் வேணுமா அண்ணே? அசல் கேழ்வரகு. சீக்கிரம் குடிச்சுட்டுக் கிளம்புங்க.”